தொலைந்த துண்டுகள்

முதலில் அது வெறும் சத்தம்தான். கணினிப் பெட்டிக்குள் விசிறி இரையும் வழக்கமான சத்தத்துக்கு அடியில், ஈர நகத்தால் யாரோ தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒன்று, சுரண்டுவதும், காது கொடுத்துக் கேட்பதுபோல நிற்பதும், மறுபடி சுரண்டுவதுமாக ஒரு வாரமாய் நவமணியின் விரல்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

மலேசியாவின் ஈப்போ நகரத்துப் பழைய டவுனில் ஒரு மாடியில் இருந்த ரப்பர் கொள்முதல் அலுவலகம் அது. கீழே காப்பிக்கடையில் கொட்டை வறுக்கும் கருகல் வாசமும், பின்கட்டுக் கிடங்கிலிருந்து ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடையும் மரப்படி ஏறி வந்து அறைக்குள் கலந்து நிற்கும். எண்பத்தேழாம் ஆண்டில் அங்கே இருந்தது ஒரே ஒரு கணினி. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் பாலின் எடையை அதில் ஏற்றுவது நவமணியின் வேலை. ஒரே மகள் பாப்பா கோப்பெங்கில் ஈயம் தோண்டிவிட்ட குட்டையில் மூழ்கிப் போனதிலிருந்து அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. எண்களோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது. எண்கள் ஆறுதல் சொல்ல வருவதில்லை.

கணினி விற்ற கடையிலிருந்து சிக்கந்தர் வந்தான். பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கரண்டு அடிக்கடி போயிருக்குலா, அக்கா. எழுதிக்கிட்டு இருக்கும்போது பட்டுன்னு அணஞ்சா, எழுதினது துண்டு துண்டா டிஸ்க்குக்குள்ளயே கிடக்கும். எதோட துண்டுன்னு மெஷினுக்கே தெரியாது."

"அப்ப என்ன செய்றது, தம்பி?"

"ஒரு சோதனை இருக்கு. தொலஞ்ச துண்டையெல்லாம் தேடும். வேணுமான்னு கேக்கும். வேணும்னா 'ஒய்' அமுக்குங்க, ஃபைலா எடுத்துக் குடுக்கும். வேணாம்னா 'என்'. தொடச்சிரும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

கட்டளையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சோதனை ஓடியது. தொலைந்த துண்டுகள் இருப்பதாகத் திரை சொன்னது. நவமணி 'ஒய்' அழுத்தி, கிடைத்ததைத் திறந்து பார்த்தாள். கோணல்மாணலான குறிகள், பாதி அறுந்த எடைக் கணக்குகள், பீடோர்த் தோட்டம் ஒன்றின் பெயர். இவற்றுக்கு நடுவில், ஆங்கில எழுத்தில், ஒரு தமிழ்ச் சொல்.

அம்ம்ம்ம்மா.

சனிக்கிழமைகளில் பாப்பாவை அவள் அலுவலகத்துக்குக் கூட்டிவருவாள். கணினியில் விசையை அமுக்கினால் பாப்பாவுக்கு விரலை எடுக்கத் தெரியாது. 'ம்' வந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பாள். ஒருமுறை மேலாளர் படியேறும் சத்தம் கேட்டு நவமணி அவசரமாகச் சுவிட்சை அணைத்திருந்தாள். இத்தனை மாதமாக அந்தச் சொல் இதற்குள்ளேயே கிடந்திருக்கிறது, கேட்பாரில்லாமல். அவள் திரையைத் தொட்டாள். கண்ணாடியின் மின்சாரம் விரல் மயிரை மெல்ல இழுத்தது. அடக்கத்தன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியபிறகு, செய்யக்கூடாததைச் செய்தாள். கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். சோதனையை ஓட்டினாள். இன்னும் ஒரே ஒரு 'அம்மா' கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அம்ம்ம்மா எங்கம்மா இருக்க.

பாப்பா இதைத் தட்டியதே இல்லை. அவளுக்கு இவ்வளவு எழுதத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஜெயபாலனிடம் சொன்னாள். அவள் புருஷன் மரக்கட்டை லாரி ஓட்டுபவன். சோற்றிலிருந்து கையை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

"அது மெஷினு, மணி. மெஷினு என்னா பேசும்."

"அவதாங்க. எனக்குத் தெரியாதா."

"வேலைய விட்டுரு. ரெண்டு மாசம் எங்கக்கா வீட்டுக்குச் சிலிம் ரிவர் போயி இரு. இது நல்லதில்ல."

விளக்கை அணைத்துப் படுத்தபிறகு, தூங்கிவிட்டான் என்று அவள் நினைத்திருந்த நேரத்தில், சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த ஜெயபாலன் கேட்டான்.

"என்னையப் பத்தி எதாச்சும் கேட்டாளா?"

அதற்குப் பிறகு நவமணியால் நிறுத்த முடியவில்லை. சாயங்காலம் ஆனால் அணைப்பாள், போடுவாள், தேடுவாள். அப்பா லாரி வந்துருச்சா என்று ஒருநாள் வந்தது. அன்றிரவு அதை ஜெயபாலனிடம் சொன்னபோது அவன் எழுந்து போய்க் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்தான். சட்ட நனஞ்சிருச்சு என்று வந்தது. குளுருது என்று வந்தது. பால் எடைக் கணக்குகள் வரிவரியாக அழிந்துகொண்டிருந்தன, அவள் கவலைப்படவில்லை. ஆனால் துண்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. எழுத்துகள் விட்டுவிட்டு வந்தன. காப்பிக் கருகலையும் ரப்பர் புளிப்பையும் மீறி, சேறும் பாசியும் கலந்த குட்டைத் தண்ணீரின் வாடை விசைப்பலகையிலிருந்து எழ ஆரம்பித்தது.

பிறகு இது வந்தது.

வெளக்கு அணையுது. மறுபடி தண்ணி. வாயில தண்ணி. அம்மா அணைக்காத.

நவமணி நாற்காலியோடு பின்னால் போனாள்.

ஒவ்வொரு சாயங்காலமும். அவள் சுவிட்சை அணைத்தபோதெல்லாம். அந்தப் பிள்ளை மறுபடி மூழ்கியிருக்கிறது.

"இனி அணைக்க மாட்டேன் கண்ணு," என்றாள் பெட்டியிடம். "சத்தியமா அணைக்க மாட்டேன்."

அன்று இரவு முழுக்கக் கணினி எரியட்டும் என்று விட்டுப்போனாள். மறுநாளும் விட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னாலிருந்து மழை எழும்பி வந்தது. ஊரே இருண்டது. மேலாளர் சீக்கிரமே கிளம்பினார். மற்றவர்களும் குடையோடு இறங்கிப் போனார்கள். ஓர் இடி. விளக்குகள் போயின. விசிறி நின்றது.

திரை அணைந்தது.

"ஐயோ," என்றாள் மெதுவாக.

இருட்டில் பெட்டிக்குள் சுரண்டல் மட்டும் நிற்கவில்லை. மின்சாரம் இல்லை. ஆனாலும் சுரண்டியது. வேகமாக. பத்து விரலாலும் சுரண்டுவதுபோல. கொப்பளிக்கும் சத்தம். வாயில் தண்ணீரோடு யாரோ பேச முயல்வதுபோல.

மின்சாரம் வந்தது. அவள் கட்டளை எதுவும் அடிக்கவில்லை. சோதனை தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. தொலைந்த துண்டுகளின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு சிறிய பிள்ளை. அவ்வளவு துண்டுகளாக.

கடைசியில் கேள்வி வந்து நின்றது. வேணுமா, வேணாமா.

எடுத்தால் மறுபடி ஒரு மழை வரும். மறுபடி ஓர் இடி. மறுபடி தண்ணீர். துடைத்துவிட்டால் பிள்ளைக்கு வலிக்காது. எதுவும் வலிக்காது. நவமணிக்கு வேறு வழி தெரியவில்லை. பெற்றவள்தானே செய்ய வேண்டும் என்று நினைத்தாள்.

"தூங்கும்மா," என்றாள். "அம்மா இருக்கேன். தூங்கு."

'என்' அழுத்தினாள்.

சுரண்டல் நின்றது. கொப்பளிப்பு நின்றது. மழைகூடத் தூரத்துக்குப் போனதுபோல இருந்தது. அவள் கண்களை மூடி மூச்சை விட்டாள்.

டக்.

கண்ணைத் திறந்தாள். விசைப்பலகையில் ஒரு விசை தாழ்ந்து நின்றது. யாரும் தொடவில்லை. அதைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர் ஊறியது. பக்கத்து விசை தாழ்ந்தது. அதற்கடுத்தது.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஏன்மா.

அவள் மடியில் ஓர் எடை உட்கார்ந்தது. ஈரமாக. மெதுவாக. சேலை நனைந்து தொடையில் ஒட்டியது. பழக்கத்தில் அவள் கைகள் எழுந்து அணைக்கப் போயின. ஒரு கை இன்னொரு கையை வந்து தொட்டது. நடுவில் யாரும் இல்லை. எடை மட்டும் இருந்தது, நெஞ்சில் சாய்ந்து, நடுங்கிக்கொண்டு.