இடது கையால் ஒரு கடிதம்

மாம்புரியில் அன்று மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அதைவிட வேகமாக வந்தவன் றஸீன். முன்பள்ளி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க யாரு டீச்சர்?"

மர்ளியா நிமிர்ந்தாள். கருநீல முக்காட்டுக்குள் இரண்டு கண்கள்... அடடா, அந்தக் கண்களைப் பார்த்ததும் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த ஏச்சில் பாதி அவனுக்கு மறந்துபோயிற்று. மீதிப் பாதியை விடுவானா?

அவளைச் சுற்றிப் பதினான்கு பிள்ளைகள். நடுவில் ஒரு குவியல் சின்ன வெங்காயம். பெரிசு, நடுத்தரம், குட்டி என்று மூன்று கூடைகளில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் அவனுடைய அக்காவின் மகள், நாலு வயது அக்கீலா.

"எங்கட புள்ளைகள வச்சி உங்க வாப்பாட வெங்காயத்த தரம் பிரிக்கிறீங்களா? நல்ல யாவாரம்!"

"எங்க வாப்பா டெயிலர்," என்றாள் மர்ளியா. "வெங்காயம் ஆசியா உம்மா கடையில வாங்கினது. கத்தாம உக்காருங்க."

இருந்தது பிள்ளைகளின் குட்டிக் கதிரை. கோபத்தில் அதையும் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"மூணு மாசம்! அக்கீலாட கொப்பி வெள்ளையா இரிக்கி. நுரைச்சோலையில ஒரு நேர்சரியில புள்ளைகள் பக்கம் பக்கமா எழுதுதுகள். இங்க மணல்ல விரலால கோடு..."

"நாலு வயசுக் கை இன்னும் எழுதத் தயாராகல்ல. பொறுக்கட்டும், உரிக்கட்டும், மணல்ல கீறட்டும். விரலுக்குப் பலம் வந்தா எழுத்து தானா வரும். பெரிசு சின்னது பிரிக்கிறதும் கணக்குத்தான்."

றஸீனின் குரல் திடீரென்று இறங்கியது.

"மன்னார்ல இருந்து வந்து அகதி முகாம்ல நாங்க மணல்ல எழுதித்தான் படிச்சோம் டீச்சர். கொப்பி வாங்க வழியில்ல. இப்ப வழி இரிக்கி. என்ட மருமகளும் மணல்லதான் எழுதணுமா?"

மர்ளியா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். கதிரையும் கூடவே எழுந்தது.

"மாமாக்கு வாலு!" என்று பதினான்கு வாய்களும் கத்தின.

மர்ளியா சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டாள்.

கதிரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அக்கீலாவைத் தூக்கியவனிடம் அவள் அவசரமாக ஒரு பென்சிலை நீட்டினாள். "ஒருக்கா இடது கையால உங்க பேர எழுதிப் பாருங்க. அதுதான் அக்கீலாட கை."

பென்சிலைப் பறித்துக்கொண்டு போனான். அவன் பேச்சைக் கேட்டு இன்னும் ஐந்து வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மிஞ்சியது எட்டு. கட்டடமோ மீனவர் சங்கத்துடையது. பத்துக்குக் குறைந்தால் மாச முடிவில் வலை வைக்க எடுத்துக்கொள்வார்கள்.

போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று மர்ளியா தினமும் நினைத்தாள். நினைக்கும்போதெல்லாம் அந்தக் கதிரைதான் கண்ணுக்குள் வந்தது. சிரிப்பு வந்தது... கூடவே அந்த இறங்கிய குரலும் வந்தது. என்ன மனுசன் இவன்!

நுரைச்சோலையில் சேர்த்த அக்கீலா தினமும் ஒரு பக்கம் 'அ' எழுத வேண்டும். நாலாம் நாள் பென்சில் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. அக்கீலா கட்டிலுக்கு அடியில் கிடந்தாள்.

"விரல் நோகுது மாமா..."

"பாசாங்கு பண்ணாதே! ஒரு 'அ' எழுத என்ன கஷ்டம்?"

சொன்ன பிறகுதான் மர்ளியா தந்த பென்சில் ஞாபகத்துக்கு வந்தது. பார்த்துவிடலாம் என்று இடது கையில் பிடித்தான். நாக்கு வெளியே வந்தது, தோள் வலித்தது. 'றஸீன்' நண்டு நடந்த மாதிரி தாளில் கிடந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து அக்கீலா எட்டிப் பார்த்தாள்.

"அசிங்கமா எழுதிட்டீங்க மாமா. முழங்கால்ல நில்லுங்க."

றஸீன் பென்சிலைக் கீழே வைத்தான். "யாரும்மா அப்படிச் சொல்றது?"

"புது டீச்சர்," என்றாள். பிறகு அவன் தலையைத் தடவினாள். "பயப்படாதீங்க. மர்ளியா டீச்சர் ஏசமாட்டா."

மாச முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முன்பள்ளி வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. அதே மழை. லொறியிலிருந்து அக்கீலா இறங்கினாள். பின்னால் ஒன்று, இரண்டு... ஐந்து பிள்ளைகள். கடைசியாக ஒரு மூட்டை வெங்காயமும் றஸீனும். செருப்பை வாசலிலேயே கழற்றினான்.

மர்ளியா எண்ணினாள். எட்டும் ஆறும் பதினான்கு. கண் நிறைந்துவிட்டது.

"உக்காருங்க," என்றாள்.

"வேணாம்... கதிரை பயம்."

மடித்த தாள் ஒன்றை நீட்டினான்.

"தாறத வலது கையால தாங்களேன்."

"ஐயோ!" கை மாற்றினான். "ஒம்பது நாளா இடது கையால எழுதியே பழகிப் போச்சி."

தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அவள் விரல் வைத்து வாசித்தாள். 'பிழை என்ட. சிரிச்சதுக்குக் கோவம் இல்ல. எனக்கு உங்கள விருப்பம்.'

வெளியே மழை. உள்ளே அவளுக்கு முகமெல்லாம் சூடு.

"விளங்குதா டீச்சர்?"

அவள் பென்சிலை எடுத்தாள்... இடது கையில். நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. நெடுநேரம் எடுத்து அதே தாளில் இரண்டே எழுத்துகளில் சம்மதம்.

'ஓம்.'

"உம்மாவ ஊட்டுக்கு அனுப்புங்க," என்றாள் தலை குனிந்தபடி.

இடையில் புகுந்து எட்டிப் பார்த்தாள் அக்கீலா.

"அல்லாஹ்! டீச்சர்ட கையும் இன்னும் தயாராகல்லயே!"

றஸீன் அந்தத் தாளை மறக்காமல் வலது கையால் வாங்கிக்கொண்டான்.