அண்ணன் கொடுத்த கார்

முந்தின நாள் சாயங்காலம் கார் இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட்டை அதன் டப்பாவில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி எப்சிபா தன் கையால்தான் ஊற்றி மூடினாள். அதன்பிறகு காரை யாரும் எடுக்கவில்லை. காலையில் பானட்டைத் தூக்கியபோது டப்பா கழுத்துவரை நிரம்பி, மூடியின் இடுக்கில் கசிந்து, சிமெண்டுத் தரையில் ஓடி, வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. ஊற்றியது பச்சைக் கூலன்ட். வழிந்து கிடந்ததோ சேறு கலங்கிய தவிட்டு நிறத் தண்ணீர். குனிந்து முகர்ந்தாள். பாசியும் அழுகின இலையும் சேர்ந்த குளத்து வாடை.

இஞ்சின் சூடேறினால் தண்ணீர் பொங்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இஞ்சின்.

இருபது வருஷத்துப் பழைய வெள்ளைக் கார். தென்காசியிலிருந்து ஆய்க்குடிக்கு பஸ்ஸில் போய் பிசியோதெரபி வேலை பார்த்துவந்தவளுக்கு அண்ணன் சாம் போன மாதம் அதைச் சும்மாவே கொடுத்தான். "மழையில பஸ் ஸ்டாப்புல நிக்காத, ஏட்டி" என்றான். ஆர்.சி. புத்தகத்தில் அவள் பேரை ஏற்றும்வரை அவனுக்கு இருப்பே கொள்ளவில்லை. அப்பா ஞானதுரை போனபிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

அவனுக்கும் அவள் ஒருத்திதான். அவன் பெண்டாட்டி, ஷாரோன் மைனி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவனோடோ போய்விட்டாள். சாம் அழுதுகொண்டே அதைச் சொன்னபோது, கல்யாண ஆல்பத்திலிருந்த மைனியின் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டவள் எப்சிபாதான்.

அன்று மத்தியானம் லீவு சொல்லிவிட்டுக் குத்துக்கல்வலசைக்குக் காரைக் கொண்டுபோனாள். மெக்கானிக் பிச்சையா அண்ணாச்சியின் ஷெட்டுக்கு இது மூன்றாவது தடவை.

"ரேடியேட்டர் மூடி மாத்தியாச்சு. தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு. ஹோஸ்ல அடைப்பு இல்ல" என்று அவர் விரல்களை மடக்கினார். "ஹெட் கேஸ்கெட் போயிருந்தா இஞ்சின் புகை தண்ணிக்குள்ள ஏறும். டப்பாவுல குமிழி விடும், தண்ணியத் தள்ளும். அது ஒண்ணுதான் பாக்கி."

நீல மருந்து ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தினார். புகை இருந்தால் மருந்து மஞ்சளாகிவிடும் என்றார். இஞ்சின் ஓடியது. டப்பாவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மருந்து நீலமாகவே நின்றது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.

குமிழி நிற்கவில்லை.

அண்ணாச்சி ரேடியேட்டரை மூடினார். டப்பாவுக்குப் போகும் மெல்லிய ஹோஸை உருவி, அதன் நுனியைப் பெருவிரலால் அடைத்தார். மறுகணம் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"சூடு ஆறும்போது ஒருதரம் இழுக்கும். அது சகஜம். இது இழுக்குது, விடுது, பொறவும் இழுக்குது." குரலைத் தாழ்த்தினார். "மனுசன் மூச்சு விடுத மாதிரி இருக்கும்மா."

பிறகு அவர் கதவைத் திறந்து தரைவிரிப்பைக் கிழித்தார். அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் காய்ந்து வெடித்திருந்தது.

"இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டி. ஒங்க அண்ணன் சொல்லலியா?"

அவள் அந்த வண்டலை விரலால் சுரண்டி முகர்ந்தாள்.

"கொண்டு போயிருங்கம்மா. எனக்குத் துட்டு ஒண்ணும் வேண்டாம். இங்கன மட்டும் நிறுத்தாதீங்க."

சாம் வீடு குற்றாலத்தில் இருந்தது. நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். சீசன் கூட்டத்தில் மெயின் ரோடு அடைத்துக் கிடந்ததால் இலஞ்சிக்குப் பின்னால் வயல் வழியே போகும் ரோட்டில் திரும்பினாள். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மேகம் இறங்கி மலையை மறைத்திருந்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தும் வயல் முழுக்க ஈயப் பாத்திரத்தின் அடிப்பக்கம் போல ஒரு மங்கல் படர்ந்திருக்க, தவளைச் சத்தம் ரோட்டின் இரண்டு பக்கமும் காரோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

குளத்துக்கரைக்கு வந்ததும் சூடு காட்டும் முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. நிறுத்தி இறங்கினாள். பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. பானட்டைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

தவளைகள் எல்லாம் சேர்ந்தாற்போல் ஓய்ந்திருந்தன.

சாமுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டியாமே?"

"யாரு சொன்னா? பிச்சையாவா? அவனுக்கு என்ன தெரியும்." எரிச்சலே இல்லாத குரல். "நீ எங்கன நிக்க?"

"இலஞ்சிக்குப் பின்னால. கொளத்துக்கரையில."

அந்தப் பக்கம் சாவி கிலுங்கும் சத்தம் கேட்டது.

"நனையாத, எப்சி. வண்டிக்குள்ள ஏறி உக்காரு. நான் வாரேன்."

சின்ன வயதில் இடி இடிக்கும்போது காதைப் பொத்திவிடுவானே, அதே இதமான குரல். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"கண்ணாடிய ஏத்திட்டியா?"

"ம்."

அவன் நீளமாக மூச்சுவிடுவது கேட்டது.

"ஷாரோன் எவன்கூடயும் போகல, எப்சி."

மழை கூரையில் வலுத்தது.

"அன்னைக்கு நாந்தான் ஓட்டுனேன், அவ பக்கத்துல இருந்தா. அந்தக் கொளத்துலதான் வண்டி எறங்குச்சு. நான் எப்படியோ நீந்தி வந்துட்டேன்."

"மைனி?"

"காலையில ஊரு முழிக்குமுன்ன, யாருக்கும் தெரியாம கிரேன் வச்சு வண்டியத் தூக்குனோம். கண்ணாடி எல்லாம் ஏத்துனபடி இருந்துச்சு. நாலு கதவும் பூட்டிக் கெடந்துச்சு. உள்ள அவ இல்ல." அவன் குரல் உடைந்தது. "ரெண்டு வருசமா அந்த டப்பாவுல மூச்சு மட்டும் வருது. வேற ஒருத்தர் வந்தா அவள விட்டுருதேன்னு சொல்லிச்சு. வண்டி அவங்க பேருல இருக்கணும்னு சொல்லிச்சு."

"எது சொல்லிச்சு? அண்ணே? எது?"

"நீ ஒத்தையாத்தான இருக்க, எப்சி" என்றான் சாம்.

போன் அணைந்தது.

கதவுக் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. மற்ற பக்கமும் பார்த்தாள். கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சுற்றினாள். அது தளர்ந்து வெறுமனே சுழன்றது. காலில் ஏதோ சில்லென்று பட்டது. ஹீட்டர் வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தவிட்டு நிறத் தண்ணீர். கணுக்கால். முழங்கால். பாசி வாடை தொண்டை வரைக்கும் ஏறியது. குடையின் கம்பால் கண்ணாடியைக் குத்தினாள். குடைதான் வளைந்தது.

மடி.

இடுப்பு.

எதிரே ஒற்றை வெளிச்சம் வந்தது. பைக். மழைக்கோட்டில் சாம்.

அவள் அலறினாள். இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். அவன் பத்தடி தூரத்தில் நிறுத்தினான். இறங்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. அவள் பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான், சிரித்தான்.

இடப்பக்கக் கதவு திறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகவில்லை. நனைந்த சேலைத் தலைப்பு ஒன்று சீட்டின்மேல் வழுக்கி நகர்ந்தது. எப்சிபா அந்தப் பக்கம் பாய்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

சேலை கட்டிய உருவம் மழையில் நடந்து போய் பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தது. சாமின் தோளில் கையை வைத்தது. அவன் அந்தக் கைமேல் கன்னத்தைச் சாய்த்தான். பைக்கைத் திருப்பினான்.

நெஞ்சு.

கழுத்து.

அப்போது தண்ணீருக்குள் ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

குளிர்ந்த, மெலிந்த கை. எப்சிபா குனிந்து பார்த்தாள். விரலில் மோதிரம் இருந்தது. ஷாரோன் மைனியின் கல்யாண மோதிரம். பக்கத்து சீட்டில், தண்ணீருக்கு அடியில், மைனியின் முகம் அவளைப் பார்த்துத் தலையசைத்தது. வேண்டாம், வேண்டாம் என்று. கண்கள் அவளைத் தாண்டி ரோட்டைப் பார்த்தன.

பைக் குளத்துக்கரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சாம் ஏதோ பேசிக்கொண்டே ஓட்டினான். அவன் பின்னால் உட்கார்ந்திருந்த அது, தோள் அசையாமல், கழுத்தை மட்டும் முழுசாகப் பின்பக்கம் திருப்பி, காரைப் பார்த்தது.