மேயரின் தங்கக் கத்திரி

ஓவியத்தின் முன்னால் தொங்கிய திரையை விலக்கிய ஓவியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேயர் வால்ட் டோப்ராவ்ஸ்கியின் ஆளுயர உருவம் இடது காதிலிருந்து வலது இடுப்பு வரை ஒரே கோடாக வெட்டுப்பட்டுத் தொங்கியது. கீழே மூன்றடி நீளத்துக்குத் தங்க நிறக் கத்திரி ஒன்று கிடந்தது. போர்ட் ஹார்லன் நகரத்தில் பாலமோ, பள்ளிக்கூடமோ, டோனட் கடையோ எது திறந்தாலும் மேயர் கையில் மின்னுகிற அதே கத்திரி.

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மாலை ஆறு மணிக்கு அந்த நகர மன்ற அறையிலேயே ஓவியத் திறப்பு விழா. ஐந்து முறை மேயராக இருந்தவருக்கு ஊர் விடைகொடுக்கும் நாள்.

லெப்டினன்ட் இலோனா பார்டோஸ் வந்து சேர்ந்தபோது, போலீஸ் தலைவர் டென்ஹோம் ஏற்கெனவே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுத்தவளே இலோனாதான். போன வருடம் மேயர் அவளைத் தாண்டி அவனைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அவன் தோளில் நட்சத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். எரிகிறது என்பதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொண்டதும் இல்லை.

"வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றான் டென்ஹோம். "இந்த அறைச் சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. மேயர், கவுன்சில் தலைவர் ஹாலரன், அப்புறம் மேயரோட செக்ரட்டரி வெர்னா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் எதிர்ல சர்ச்சுல மீன் வறுவல் விருந்துல இருந்தாங்க. வெர்னா மட்டும்தான் இங்க. அவ கைப்பையில இது வேற இருந்துச்சு."

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்னத் தையல் கத்திரி.

"எதுக்குச் செஞ்சாளாம்?"

"மேயர் மேல இருபது வருஷமா அவளுக்கு ஒரு இது. ஊருக்கே தெரியும். படத்துல அவர் பக்கத்துல யார் நிக்கிறா பாருங்க."

மேயரின் மனைவி லொரெய்ன், நீலக் கோட்டில், ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னணியில் புதுப் பாலம். வேறு யாரும் இல்லை.

"விழாக்கு ஆள் வர்றதுக்குள்ள அவளைக் கூட்டிட்டுப் போயிடணும். மேயர் சொல்லிட்டார்."

விலங்கு மாட்டிய கையோடு அந்த வாசற்படியில் இறங்கினால் வெர்னா பிட்மன் இந்த ஊரில் இனி தலைநிமிர்ந்து ரொட்டிகூட வாங்க முடியாது. இலோனா ஓவியத்தின் அருகே குனிந்தாள். வெட்டு நேராக, பிசிறில்லாமல் இருந்தது. தொட்ட விரல் ஒட்டியது.

"வார்னிஷ்" என்றார் ஓவியர், இன்னும் தரையில் உட்கார்ந்தபடியே. "நேத்து ராத்திரிதான் பூசினேன், இன்னும் காயல. எதைத் தொட்டாலும் அப்பிக்கும்."

அவள் தங்கக் கத்திரியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். பளபளவென்று சுத்தமாக இருந்தது. தையல் கத்திரியும் அப்படியே.

வெர்னா தன் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. சாம்பல் நிறத் தலையில் ஒரு முடி கலையவில்லை.

"பெரிய கத்திரியை வெளில எடுத்தது யாரு?"

"நான்தான். சாயங்காலம் ரிப்பன் இருக்கே. மன்ற அறை மேசையில வச்சுட்டுப் பூட்டிட்டு வந்தேன்."

"கைப்பையில தையல் கத்திரி எதுக்கு?"

வெர்னா மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"வெர்னா, உங்களைத் திருடி மாதிரி இழுத்துட்டுப் போகப் போறாங்க."

"அதை மேயர்கிட்டக் கேளுங்க. அவர் சொன்னாச் சொல்லட்டும். என் வாயால வராது."

இப்படியும் ஒரு விசுவாசமா என்று இலோனாவுக்கு எரிச்சலாக வந்தது. தனக்காக யாரும் இப்படி வாயைக் கட்டியதில்லை என்ற பொறாமையும் அதில் கொஞ்சம் இருந்தது.

நடைபாதைச் சுவர் முழுக்க மேயரின் வாழ்க்கை சட்டம் போட்டு மாட்டியிருந்தது. டயர் தொழிற்சாலை வாசலில் அப்பாவோடு நிற்கும் சிறுவன். பனி தள்ளும் வண்டியை ஓட்டும் இளைஞன். பெரும்பனி வருடத்தில், மேயரான பிறகும், கோட்டு சூட்டோடு அதே வண்டியில். பிறகு ரிப்பன், ரிப்பன், ரிப்பன். எல்லாவற்றிலும் மேயர் நடுவில், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் ரிப்பனைத் தாங்கிப் பிடித்த வெர்னா. இன்னும் உற்றுப் பார்த்தால் மேயரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. சில படங்களில் பாதி நெற்றி. அது கவுன்சில் தலைவர் டெர்ரி ஹாலரன்.

காதுக்குச் சொந்தக்காரர் தன் அறையில் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

"விருந்துல முழுக்க இருந்தீங்களா, சார்?"

"ஒரு சிகரெட்டுக்கு வெளிய வந்தேன். அவ்வளவுதான்." கோப்பையோடு காகித நாப்கினை நீட்டினார். அது அவர் கட்டைவிரலை விடாமல் ஒட்டிக்கொண்டு வர, உதறிவிட்டார். "பாவம் வெர்னா. ஆனா என்ன பண்றது, அந்தக் கத்திரி கையில இருந்தா யாருக்கும் வேகம் வரும். எப்பேர்ப்பட்ட கூர்மை. இருபது வருஷமாப் பாக்குறேன், ஒரே வெட்டு, ரிப்பன் ரெண்டாப் போய் விழும்."

"நீங்க அதுல எத்தனை ரிப்பன் வெட்டிருப்பீங்க?"

ஹாலரனின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "வால்ட் இருக்கும்போது நமக்கெங்க அந்தக் குடுப்பினை."

நாலரை மணிக்கு மேயரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். டென்ஹோம் விலங்கை எடுத்துத் தயாராக வைத்திருந்தான். லொரெய்ன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

இலோனா தங்கக் கத்திரியை மேயரிடம் நீட்டினாள். மேசையிலிருந்து ஒரு காகித நாப்கினையும் எடுத்தாள்.

"இதை வெட்டுங்க, மேயர்."

"என்ன விளையாட்டு இது, இலோனா?"

"வெட்டிக் காட்டுங்க."

மேயர் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா தரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் இரண்டு கையாலும் கத்திரியை அழுத்தினார். நாப்கின் மடங்கி அலகுகளுக்கு நடுவே நுழைந்து, முழுசாக வெளியே வந்தது.

"விளையாட்டுச் சாமான்" என்றாள் இலோனா. "படத்துக்கு நிக்கத்தான் இது. ரிப்பனை நிஜமா வெட்டுறது இவருக்குப் பக்கத்துல நிக்கிற வெர்னா, கீழேருந்து, தையல் கத்திரியால. போட்டோவுல முன்னாடி நிக்கிற மூணு பேருக்கும், மேயர், லொரெய்ன், வெர்னா, இது தெரியும். அவங்கள்ல யாரா இருந்தாலும், இந்த மொண்ணையைக் கொண்டுபோய் வெட்டுன படத்துக்குக் கீழ போடுவாங்களா?"

இலோனா கத்திரியை மேயரிடமிருந்து திரும்ப வாங்கினாள்.

"இது வெட்டும்னு நம்புற ஆளுதான் இதைப் போட்டிருக்கணும். இருபது வருஷம் பின்னாடி நின்னு மேயரோட முதுகை மட்டும் பாத்த ஆளு. ஒரு தடவைகூட இதைக் கையில வாங்காத ஆளு. பூட்டும் உடையல, அவர்கிட்டச் சாவி இருக்கு. வெட்டுன கத்தி அவர் சட்டைப்பையில இருக்கும். வார்னிஷ் இன்னும் அவர் கட்டைவிரல்ல இருக்கு."

ஹாலரன் விரலை மடக்கினார். பிறகு மடக்கி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். பேனாக்கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். அலகில் வார்னிஷ் பிசுக்கு ஒட்டியிருந்தது.

"எட்டிப் பாக்கத்தான் போனேன்" என்றார். "அந்தப் பாலத்துக்கு வீடு வீடா ஏறி ஓட்டு சேத்தது நான். திறப்பு விழா போட்டோவுல என் காதாவது இருந்துச்சு. ஓவியத்துல அதையும் விட்டுட்டாங்க, வால்ட்."

"அதுக்கு வெர்னா என்ன பண்ணினா?" என்றாள் இலோனா.

"ஒவ்வொரு விழாவுலயும் அவ எனக்கு முன்னாடி நின்னா."

டென்ஹோம் வெர்னாவுக்கு எடுத்த விலங்கை அவருக்கு மாட்டினான். இலோனா மேயரிடம் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தா இவங்க பேரு இவ்வளவு தூரம் கெட்டிருக்காது."

"நாளைக்குப் பத்திரிகைக்காரன் சிரிப்பானே" என்றார் மேயர் மெதுவாக. "இருபது வருஷமா ஒரு ரிப்பன்கூட வெட்டாத மேயர்னு போடுவான்."

வெர்னா அதைக் கேட்டாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் கத்திரியை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"ஆறு மணிக்கு வந்துடும்மா, வழக்கம்போல" என்றார் மேயர். அவள் தலையாட்டினாளா இல்லையா என்று அவர் கவனிக்கவில்லை.

ஆறு மணிக்கு அறை நிரம்பி வழிந்தது. ஓவியத்தைப் பின்னாலிருந்து ஒட்டி நிறுத்தி, முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேயர் தன் பேச்சில், குற்றவாளியை மின்னலாய்ப் பிடித்த போலீஸ் தலைவர் டென்ஹோமுக்கு நன்றி சொன்னார். கைதட்டல் எழுந்தது. டென்ஹோம் எழுந்து தலைகுனிந்தான். மூன்றாவது வரிசையில் இலோனாவின் வயிறு வழக்கம்போல எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வெர்னா.

"நீங்க முன்னாடி போகலையா?" என்று இலோனா காதோடு கேட்டாள்.

"இங்கேருந்து நல்லாத் தெரியுதே."

மேயர் தங்கக் கத்திரியைத் தூக்கினார். கேமராக்கள் பளிச்சிட்டன. அலகுகள் மூடின, ரிப்பன் மடங்கியது. திறந்து மறுபடி மூடினார், மறுபடியும் மடங்கியது. முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். மேயர் சிரித்த முகத்தை மாற்றாமல் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், பிறகு கூட்டத்துக்குள் தேடி மூன்றாவது வரிசையில் வெர்னாவைக் கண்டுபிடித்தார்.

வெர்னா மடியில் இருந்த கைப்பையின்மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே காத்திருந்தாள்.