அப்பாவின் பெயரில் ஒரு குளவி

அப்பாவின் அறை யன்னலில், கண்ணாடியின் உள்பக்கத்தில், கடுகளவு கறுப்பாக ஏதோ ஒன்று மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தூசி என்றுதான் பிரதீபா முதலில் நினைத்தாள். ஆனால் தூசி ஏறாது. வெளியே மோர்னிங்சைட் வீதி முழுவதும் பனி குவிந்து, பஸ் தரிப்பிடத்தில் உட்காரும் வாங்கு எங்கே இருந்ததென்றே தெரியவில்லை. காற்று பனித்தூளை அள்ளியள்ளிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. பெப்ரவரிக் குளிரில் ஈ, இலையான் எதுவும் இல்லை. இலையான் இல்லாத இடத்தில் புழு இல்லை. புழு இல்லாத இடத்தில், அதைத் தின்று வளரும் இந்தக் குளவி பிறக்க வழியே இல்லை. இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை, ஏனென்றால் இப்படி ஒரு குளவி இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னதே அவள்தான்.

உருப்பெருக்கும் கைவில்லையை எடுத்துவந்து குனிந்து பார்த்தாள். முன்காலில் வெள்ளை வளையம். தலையில் புளி போட்டுத் துலக்கிய செம்பின் மினுக்கம். சந்தேகமே இல்லை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பூட்டிய அறை. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திருப்பி அனுப்பி, மெத்தையைக் கறுப்புப் பையில் சுற்றி எறிந்து, கம்பளத்தைக் கிழித்தெடுத்து, தரையைக் குளோரின் போட்டு மூன்று முறை தேய்த்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் கதிரை மட்டும் மூலையில் மிஞ்சியிருந்தது. இன்று அறையைத் திறந்ததற்குத் தம்பி கீதன்தான் காரணம்.

"அக்கா, நாளைக்கு நாலு மணிக்கு ஹோலில விழா. அப்பான்ர படத்தைப் பெரிசாக்கி பிரேம் போட்டிட்டன்," என்று மார்க்கம் நகரிலிருந்து காலையில் அழைத்திருந்தான். "முடிய எல்லாரும் உங்கட வீட்டை வருவினம். அப்பான்ர றூமைத் திறந்து வையுங்கோ. சனம் பாக்க ஆசைப்படுது."

"ம். திற... திறக்கிறன்."

"என்ன, வாய் குழறுது? இப்பதான் எழும்பினனீங்களோ?"

"குளிரடா," என்றாள். அதற்குச் சற்று முன்னர்தான் வலக்கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை தானாக நழுவி விழுந்திருந்தது. அதையும் குளிரின் கணக்கிலேயே போட்டாள்.

நாளைய விழா அவளுக்குத்தான். பல்கலைக்கழகத்துப் பூச்சிக் கூடத்தில் பிறர் பிடித்து வந்தவற்றை ஊசி குத்தி அடுக்குகிற வேலையில் இருந்தவள், இதுவரை யாரும் கண்டிராத ஒரு குளவியை விவரித்து, அதற்குத் தகப்பனின் பெயரையே வைத்துவிட்டாள். இலத்தீன் முறைப்படி பெயரின் வாலில் ஓர் 'இ' சேர, நவரட்ணம் 'நவரட்ணமி' ஆனார். ஸ்காபரோச் சனம் இதைக் கேட்டு உருகிப்போனது. ஏற்கெனவே அவள்மேல் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போன தகப்பனை நேர்சிங் ஹோமில் தள்ளாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவள். பராமரிக்க அனுப்பப்பட்ட பெண்களைக்கூட வேண்டாம் என்று நிறுத்திவிட்டவள். 'பிள்ளை எண்டால் உப்பிடியெல்லோ இருக்கோணும்' என்று கோயிலில் அவளைக் காட்டினார்கள். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவள் எல்லாவற்றையும் செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்ட அந்நியப் பெண்கள் வந்து கட்டிலின் அடியில் சேர்ந்த அழுக்கைப் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில்தான் அவர்களை நிறுத்தினாள் என்பதும் தெரியாது.

வெட்கம் முகத்தில் ஏறும் என்பார்கள். அவளுக்கு அது முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, இளஞ்சூடாக ஊறும். இப்போதும் ஊறியது.

கண்ணாடியில் இரண்டாவது ஒன்று ஏறியது.

தொலைபேசி அடித்தது. பூச்சிக் கூடத்துக்குப் பொறுப்பான அன்ரனெற்.

"பிரதீபா, சனிக்கிழமையில குழப்புறன், குறை நினையாதையும். நீர் கட்டுரையில எழுதின றூஜ் ஆத்தங்கரைக் குருவிக் கூடெல்லாம் போன இலையுதிரில பிள்ளையள் கிண்டிப் பாத்திட்டினம். ஒண்டுமில்லை. நீர் எந்த மரத்தில எடுத்தனீர்?"

"ஞாபகமில்லை. பட்ட மரம் ஒண்டு."

"இன்னொண்டு. நீர் பேர் வைச்ச முதல் மாதிரிக் குளவி இருக்கெல்லே, பெட்டியில இருக்கிறது. அதின்ர காலில ஒரு நார் ஒட்டிக் கிடந்தது. இறகாக்கும் எண்டு நுணுக்குக்காட்டியில வைச்சுப் பாத்தால் தலைமயிர். நரைச்சது."

பிரதீபா யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்ரயா இருக்கும்."

"உமக்கு எங்கயப்பா நரை!" அன்ரனெற் சிரித்தாள். "அது கிடக்கட்டும். புதுசா ரெண்டு மூண்டு தந்தீரெண்டால் டிஎன்ஏ பாக்கலாம். இல்லாட்டித் திங்கக்கிழமை பழசில ஒரு காலைக் கழட்டி அனுப்பப்போறம். இப்ப எல்லாம் சொல்லிப்போடும். அது வளந்த புழு என்ன இறைச்சியைத் திண்டது எண்டுகூட."

அறைக்குள் எங்கோ மெல்லிய சத்தம். டொக். இரும்பில் நகம் படுகிற சத்தம். வெப்பக் குழாய் சூடேறும்போது அப்படிக் கேட்கும்.

"புதுசு இருக்கு," என்றாள் பிரதீபா. நாக்கு தடித்துக் கிடந்தது. "நான் கொண்டு வாறன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பழமொழி. அவள் ஒரு முழு மனிதனைக் கடுகளவு குளவியில் மறைத்து வைத்திருந்தாள். குருவிக் கூடும் இல்லை, பட்ட மரமும் இல்லை. ஆடி மாத வெக்கையில், குளிரூட்டி பழுதாகிக் கிடந்த இந்த அறையில், வேலையால் வந்த ஒரு பின்னேரம் அப்பாவைப் புரட்டியபோது அது தெரிந்தது. முதுகின் கீழே, நாரியின் மேலே, உள்ளங்கையளவு படுக்கைப் புண். அதற்குள் அசைவு. மெத்தையின் தையல் மடிப்பில் பழுப்பு நெல்மணிகள்போல இலையான் புழுக் கூடுகள். ஒரு கூட்டில் ஊசித்துளையிட்டு, செம்புத் தலையோடு, அதுவரை எந்தப் பெட்டியிலும் அவள் பார்த்திராத ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது.

அப்பா பேசமுடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கை ஆட்காட்டி விரல் ஒன்றுதான் அசைக்க அவருக்கு மிஞ்சியிருந்தது. அந்த விரலால் கட்டில் கம்பியில் தட்டினார். டொக். டொக். மேசையில் பஞ்சும் இருந்தது, அவளுடைய கண்ணாடிக் குப்பியும் இருந்தது.

அவள் முதலில் குப்பியை எடுத்தாள்.

நினைத்தவுடன் முதுகு எரிந்தது. நினைப்பைத் தள்ளிவிட்டு யன்னலைப் பார்த்தாள். இப்போது ஆறேழு இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இது ஒரு வழி என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இவை அப்பாவில் வளர்ந்தவை அல்ல. அப்பாதான் கோடையிலேயே சாம்பலாகிவிட்டாரே. எங்கோ சுவருக்குள் செத்த எலியில் வளர்ந்தவை. திங்கட்கிழமை இவற்றைக் கொடுத்தால் எலி என்றோ அணில் என்றோ முடிவு வரும். கூட்டுக்குள் அணில் செத்துக் கிடந்தது என்றுவிடலாம். பழையதன் காலை யாரும் கழற்றத் தேவையில்லை. மனம் லேசானது. ஸ்பிரிட் நிரப்பிய குப்பியையும் தூரிகையையும் எடுத்துவந்து, வழமைபோல, ஒவ்வொன்றாகத் தொட்டு உள்ளே விட்டாள். இந்த வேலையில் அவளுக்குக் கை நடுங்கியதே இல்லை. இன்று வலக்கை ஒத்துழைக்கவில்லை. இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை அன்ரி, கம்பளிச் சால்வையால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள்.

"பிள்ளை, குறை நினையாதை. அண்டைக்குக் கோடையில வந்த மணம் திரும்பவும் வருது. கோரிடோர் முழுக்க."

"மீன் குப்பை அன்ரி. போடுறன்."

"அப்பவும் மீன் எண்டுதான் சொன்னனீ," என்றாள் அன்ரி. குத்தலாக அல்ல, சும்மா. பிறகு பிரதீபாவின் கன்னத்தைத் தடவினாள். "முகமெல்லாம் ஒரு பக்கமா இழுத்துக் கிடக்குது. போய்ப் படு. நாளைக்கு மேடையில நிக்கவேணுமெல்லே. உன்னைப் போலை ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்."

கதவைச் சாத்தினாள். அதுவரை அவளுக்கு எந்த மணமும் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. பழுத்த பலாச்சுளையும் பழைய இரத்தமும் கலந்த, தொண்டையில் தித்திக்கிற அதே மணம். சமையலறைக்குப் போனாள், அங்கேயும் இருந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். அங்கேயும் இருந்தது. அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது. வலக்கால் செருப்புத் தரையில் இழுபட்டது.

திரும்ப அறைக்குள் வந்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. மாசிப் பொழுது பின்னேரமே செத்துவிடும். கண்ணாடியின் கீழ்ப்பாதி கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தது.

எங்கிருந்து வருகின்றன? வெப்பக் குழாயின் மூடியைக் கழற்றினாள். வெறும் தூசி. சுவர் விளிம்பெல்லாம் கைவில்லையோடு தவழ்ந்து தேடினாள். ஓட்டையில்லை. எலியில்லை. தேடத் தேட ஒன்று மட்டும் விளங்கியது. அவை முன்னாலிருந்து வரவில்லை. அவளுடைய தோளைத் தாண்டி, கையின் வழியே இறங்கி, வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

டொக்.

குழாயில்லை. அதன் மூடியைத்தான் கழற்றி வைத்திருக்கிறாளே.

டொக். டொக்.

அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். ஆவணி முழுவதும் கேட்டது. ஒரு இனத்தை முழுமையாக விவரிக்கப் பெண் மட்டும் போதாது, ஆணும் வேண்டும். முதலில் வந்தவை எல்லாம் பெண்கள். அதனால்தான் புண்ணைக் கழுவியவள், முழுவதும் கழுவவில்லை. துணியை இறுக்கிக் கட்டவில்லை. யன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்தாள். பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலருகே, பின்னேரம் பின்னேரமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா தட்டுவார். அவள் அவருடைய நெற்றியைத் தடவி, அன்பாகத்தான், மிக அன்பாகத்தான் சொல்வாள். "கொஞ்சம் பொறுங்கோ அப்பா."

ஆண் கிடைத்தது. அடுத்த நாள் அப்பா போனார்.

இதை நினைக்கக்கூடாது என்றுதான் அறையைப் பூட்டினாள். இதற்காகத்தான் அவருடைய பெயரை வைத்தாள். வெட்கம் முதுகில் கொதித்தது. கொதித்து, ஈரமாக, கீழே வழிந்தது.

ஈரம்.

சுவெற்றரை இழுத்தாள். முதுகோடு ஒட்டியிருந்தது. இன்னும் இழுத்தாள். ஏதோ பிரிந்து வந்தது. தரையில் சின்னச் சத்தம். பழுப்பு நெல்மணி ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு பல.

வலி இல்லை. வலி இல்லாததுதான் பயங்கரமாக இருந்தது.

இடக்கையைப் பின்னால் கொண்டுபோனாள். நாரியின் மேலே. தோல் இருக்கவேண்டிய இடம். விரல் அந்த இடத்தில் நிற்கவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. வலக்கால் மடிந்தது. கட்டிலின் நான்கு சில்லுகள் தரையில் பதித்த தழும்புகளுக்கு நடுவே, அப்பா படுத்திருந்த திசையிலேயே விழுந்தாள்.

வெளியே கதவு தட்டப்பட்டது.

"பிள்ளை? ஏதோ விழுந்த சத்தம் கேட்டுது. சுகமா இருக்கிறியே?"

இடக்கை ஆட்காட்டி விரல் ஒன்றுதான் அசைந்தது. குழாயின் தகரமூடி பக்கத்தில் கிடந்தது. தட்டினாள். டொக். டொக்.

"ஆ, வேலையா இருக்கிறாய் போலை. சரி சரி, செய்."

அன்ரியின் செருப்பு நடைபாதையில் தேய்ந்து தேய்ந்து தூரப் போனது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி முழுவதும் மூடியிருந்தது. அதில் ஒரு ஒலி, அரிசி கழுவுவதுபோல.

பிறகு, அறைக்குள், அவளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கதிரை நகர்ந்தது.

ஒரு கை தோளில் பட்டது. ஒரு கை இடுப்பில். புரட்டத் தெரிந்த கைகள். மெதுவாக, நோகாமல், பக்கவாட்டில் திருப்பின. சாம்பல் மணத்தது. கண்ணை மட்டும் சுழற்றிப் பார்த்தாள்.

அப்பா.

முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, அவளுடைய முதுகைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு, என்று நினைத்தாள். அப்பா, பஞ்சு. சுடுதண்ணி. தட்டினாள். டொக். டொக். டொக்.

குப்பியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

சற்று நேரம் தூரிகை முதுகில் ஊர்ந்தது. அவர் குப்பியை யன்னல் பக்கமாகத் தூக்கி, மிச்ச வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். எல்லாம் பெண்.

சுவெற்றரின் பிய்ந்த துணியை எடுத்து, புண்ணின்மேல், இறுக்காமல் போட்டார். யன்னலை ஒரு விரலளவு திறந்தார். கதிரையில் உட்கார்ந்து அவளுடைய நெற்றியைத் தடவினார்.

"கொஞ்சம் பொறு, பிள்ளை," என்றார்.