சேர்ப்பது இரண்டு, அழிப்பது ஒன்று

பாக்கார் ஆராங்கில் பெய்கிற மழைக்கு முன்னறிவிப்புப் பழக்கம் கிடையாது. அன்று வந்த மழை ரூபினியின் கண்மையைக் கரைத்து, துப்பட்டாவை நனைத்து, அவளை நேராக மூலை உணவகத்துக்குள் தள்ளிவிட்டது. மடிக்கணினியை மட்டும் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தாள்...

எல்லா மேசையும் நிறைந்திருந்தது. ஒன்றில் மட்டும் ஆளில்லை. திறந்து கிடந்த ஒரு கணினி, பாதி குடித்த தே தாரேக் டீ.

"அண்ணே, இங்க ஆளு இருக்கா?"

"வெளிய போன் பேசறாரு மா. நீ எதிர்ல உக்காரு லா, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நல்ல பையன்," என்றார் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர்.

நல்ல பையனா... ரூபினி உதட்டைச் சுழித்தாள். அவள் துணிக்கடை பரஞ்சோதியின் மகள். நல்ல சரக்கு என்று யாராவது சொன்னால், உடனே திருப்பிப் போட்டு மறுபக்கம் பார்க்கிற குடும்பம்.

அப்பாவிடம் அவள் ஒரு பேரம் முடித்திருந்தாள். டெராஃபார்ம் என்கிற கணினிப் பரீட்சையில் தேறினால் பினாங்கு வேலைக்குப் போகலாம். தவறினால் கல்லாவில் உட்கார்ந்து, காலம் முழுக்க மீட்டர் கணக்கில் துணி கிழிக்கலாம். பரீட்சைக்கு இடம் வேண்டுமென்றால், அன்று மாலைக்குள் பயிற்சிப் பாடத்தை ஓடவிட்டு, மாடியிலிருக்கும் பயிற்சி நிலையத்துப் பிரேமாவதி டீச்சருக்குக் காட்டியாக வேண்டும்.

பாடம் ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. எங்கோ இருக்கும் மேகக்கணினியில் என்னென்ன வேண்டுமென்று ஒரு ஃபைலில் எழுத வேண்டும். இனிட் என்ற கட்டளையைப் போட்டால் தேவையான சாமான்கள் வந்து சேரும். பிளான் போட்டால், என்ன சேரும், என்ன மாறும், என்ன அழியும் என்று முன்கூட்டியே சொல்லும். அப்ளை போட்டால், "செய்யட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யும். எஸ் என்று எழுதுகிற வரை வாயைத் திறக்காமல் காத்திருக்கும். துணிக்கடைக்காரர்களுக்கு இருக்க வேண்டிய பொறுமை!

ரூபினி பிளான் போட்டாள். முடியாது என்றது திரை. வேறு ஒருவர் வேலையைப் பூட்டி வைத்திருக்கிறாராம். யார்? புவனேசன்.

"எவன்டா அது..."

நிமிர்ந்தவள் எதிரிலிருந்த கணினியைப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் அதே பெயர். அதன் கீழே, எஸ் என்ற ஒரு சொல்லுக்காகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிற கேள்வி. அப்ளையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஐயா போன் பேசப் போயிருக்கிறார்! அவர் கதவைச் சாத்திக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவள் எங்கே போவாள்?

மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. கையை நீட்டி எஸ் என்று தட்டினாள். பூட்டு விட்டது. அப்பாடா...

"யாரு அத தட்டினது?"

தலைமுடியில் மழைத்துளிகளோடு ஒருவன் நின்றான். பெரிய கண்கள். கோபப்பட வேண்டிய கண்கள், ஆனால் அவற்றில் பயம் இருந்தது. அதுதான் அவளைக் கொஞ்சம் தடுமாற வைத்தது.

"நான்தான். இப்ப என்ன? பூட்டிட்டு ஊர் சுத்த போவீங்க, நாங்க காத்துக்கிட்டு கெடக்கணுமா?"

"மேல படிச்சீங்களா?"

"எதுக்கு?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். சேர்ப்பது இரண்டு, மாற்றுவது எதுவுமில்லை, அழிப்பது ஒன்று. அந்த ஒன்றின் பெயர் அவளுக்கு மிகப் பழக்கமானது. அவளே வைத்த பெயர். வாரக்கணக்கில் உட்கார்ந்து அவள் கட்டி எழுப்பிய சர்வர்...

"அலமாக்!"

"உங்களோடதா?" என்றான் மெல்ல. "நெலையத்துல ரெண்டு பேருக்கும் மேகக்கணினியில ஒரே எடத்த குடுத்துட்டாங்க போல. என் ஃபைல்ல உங்க சர்வர் இல்ல. அதனால, வேணாம்னு நெனச்சு அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு."

தப்பு தன் பக்கம் என்று ரூபினிக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவள் வளர்ந்த கடையில் அப்படிப்பட்ட நேரத்தில் குரலைக் குறைத்ததாக வரலாறு இல்லை.

"தெரிஞ்சே பூட்டிட்டு போனீங்களா? உங்களால என் வேலை போச்சு! சாயங்காலத்துக்குள்ள காட்டலன்னா எனக்கு பரீட்சையே இல்ல, தெரியுமா?"

உணவகமே திரும்பிப் பார்த்தது. ரொட்டி கூட ஒரு நிமிடம் காற்றில் நின்றிருக்கும்.

புவனேசன் அவளையே பார்த்தான். பிறகு கணினியை மூடினான்.

"ஃபைல் உங்ககிட்ட இருக்குல்ல? அப்ளை போடுங்க, உங்க சர்வர் திரும்ப வந்துரும். என்னோடது ரெண்டும் அழிஞ்சிரும்... பரவால்ல. நான் பரீட்சைய அடுத்த தடவ எழுதிக்கறேன்."

போய்விட்டான்.

ஜெயித்துவிட்டாள். ஆனாலும் ஏதோ உறுத்தியது. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் ஒருவர் வாங்கிக்கொண்டு போனால், கடைக்காரனுக்கு அன்று தூக்கம் வராது... கைபேசி அடித்தது. பிரேமாவதி டீச்சர்.

"ரூபினி, சோரி மா, எங்க தப்பு. ஒனக்கும் புவனேசனுக்கும் ஒரே எடத்த குடுத்துட்டோம். நல்ல வேள, அந்தப் பையன் பாத்து நிறுத்திட்டு எனக்கு போன் அடிச்சான். 'யாரோ கஷ்டப்பட்டு கட்டியிருக்காங்க டீச்சர், அவங்க யாருன்னு தெரியாம நான் அழிக்க மாட்டேன்'னு ஒரே புடியா நின்னான்."

ரூபினிக்குக் காது சுட்டது. அழித்தது நான்... காப்பாற்ற ஓடியவனைப் போய்...

மழையைப் பார்க்கவில்லை. ஓடினாள். கடை வரிசையின் கடைசியில், மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று மழைக்கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தான் அவன்.

"புவனேசன்!"

திரும்பினான்.

"மன்னிச்சிருங்க. தப்பு என்னோடதுதான். நான் படிக்காம தட்டிட்டேன். கத்தினதும் தப்பு."

கன்னத்தில் வழிந்தது மழைதானா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குமே தெரியவில்லை.

"ரெண்டு பேரு ஃபைலையும் ஒரே ஃபோல்டர்ல வச்சா..." என்றான் மழைக்கோட்டிலிருந்து கையை உருவிக்கொண்டே, "யாரோடதும் அழியாது."

"அப்ப ஏன் அத அப்பவே சொல்லல?"

"சொல்ல எங்க விட்டீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடியும் அதே மேசை. ஃபைல்களைச் சேர்த்து, சரிபார்க்க வேலிடேட் போட்டார்கள். உடனே குற்றம் சொன்னது. இருவருமே தலைப்பகுதியை எழுதியிருந்தார்கள், ஒன்றுதான் இருக்கலாமாம்.

"உங்களோடத தூக்கிருங்க," என்றாள்.

"என்னோடது சுத்தமா எழுதியிருக்கு."

"என்னோடது சின்னதா இருக்கு."

"சரி, உங்களோடதே இருக்கட்டும். ஆனா பிளான நான்தான் படிப்பேன், சத்தமா, கடைசி வரைக்கும்."

"ஐயோ... படிங்க லா!"

சேர்ப்பது ஒன்று. மாற்றுவது எதுவுமில்லை. அழிப்பது எதுவுமில்லை. அந்தக் கடைசி வரியை அவன் படித்தபோது, அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் கண்ணிமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்...

மாலைக்குள் டீச்சரிடம் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் சேர்ந்து படித்தார்கள். அவன் சுங்கை லாலாங்கிலிருந்து வருவான். அவள் கடையில் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வருவாள்.

பரீட்சை நாள். இருவருமே தேறினார்கள். படிக்கட்டில் இறங்கும்போது புவனேசன், "அப்ப... பினாங்கு," என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மனசு துள்ளவில்லை. பினாங்கு ஒன்றும் வேறு கிரகமில்லை, கடல் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். இருந்தும் அந்தப் பாலம் இன்று என்ன நீளம்! இவனாகச் சொல்வானா? மாட்டான். எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பான். அதற்குள் அவள் கிழவியாகிவிடுவாள்...

வியாபாரத்தில் முதலில் வாயைத் திறந்தால் நஷ்டம். ரூபினி அந்த நஷ்டத்துக்குத் துணிந்தாள்.

"எனக்கு உங்கள புடிச்சிருக்கு புவனேசன். நான் பினாங்குக்கு போவேன். ஆனா உங்கள விட்டுட்டு போக மாட்டேன். இதுல பேரம் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

கைபேசி அடித்தது. அப்பா! அவள் எடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்கு நனஞ்சிட்டு ஓடி வந்து மன்னிப்பு கேட்டீங்களே..." என்றான் அவன். "அப்பவே எனக்கு புடிச்சு போச்சு. எப்படி சொல்றதுன்னுதான் தெரியல."

மணி மறுபடியும் அடித்தது. சிரிப்பும் கண்ணீருமாக எடுக்கும்போது விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டு, அப்பாவின் குரல் படிக்கட்டு முழுவதும் ஒலித்தது.

"என்னம்மா ஆச்சு?"

"பாஸாயிட்டேன்ப்பா!"

"ம்... பேச்சு பேச்சுதான். போயிட்டு வா பினாங்குக்கு."

"அப்பா... சாயங்காலம் நம்ம கடைக்கு ஒருத்தர கூட்டிட்டு வரேன்."

பரஞ்சோதி எத்தனையோ வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தவர். குரலைப் பார்க்கவும் தெரிந்தவர்.

"துணி வாங்கறதுக்கா... பொண்ணு கேக்கறதுக்கா?"

புவனேசன் கைபேசியின் பக்கம் குனிந்தான்.

"ரெண்டுக்கும்தான், மாமா."