பின் இருக்கையின் பாரம்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய மொறிஸ் மைனர் காரையாவது வினாயகமூர்த்தி நன்றாகப் பார்த்திருக்கலாம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரமில்லை. எண்பத்தாறாம் ஆண்டு அது. சண்டையால் மண்டூருக்கு பஸ் ஒழுங்காக வருவதில்லை. மனைவி கண்ணகை மூன்றாம் முறை கர்ப்பமாயிருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மாட்டுவண்டியிலேயே போய்விட்டன. இதுவும் வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே வேண்டுதல்.

செட்டிபாளையத்தில் ஒருவர் காரை அரை விலைக்குக் கொடுத்தார். சாவியைத் தந்த கையோடு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்த நாளிலிருந்து கார் பெற்றோலைத் தண்ணீராய்க் குடித்தது. தனியே ஓட்டினாலும் பின்பக்கம் தாழ்ந்தே கிடந்தது. ஒரே மாதத்தில் பின் டயர் இரண்டும் தேய்ந்து, ஸ்பிரிங் தட்டும் முறிந்தது. எத்தனை தரம் கழுவினாலும் பின் இருக்கையில் ஈர இரும்பின் வாடை போகவில்லை.

உழவு மெசின் திருத்த ஊருக்கு வந்திருந்த காத்தான்குடி உசனார் புதுத் தட்டுப் போட்டுவிட்டு எழுந்தார். கார் எழும்பவில்லை.

"எத்தின பேர ஏத்துறாய் தம்பி?"

"நான் மட்டுந்தான் காக்கா."

உசனார் நம்பர் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"வெடி பட்ட மூணு பேர ஏத்தின கார் இது. ஆசுபத்திரிக்குப் போக, வாவி கடத்துற பாதை வரட்டும் எண்டு துறையில காத்து நிண்டாங்க. வரல்ல. மூணு பேரும் உள்ளுக்கயே மவுத்து. வித்துப்போடு மனே."

பிள்ளை பிறக்கட்டும், பிறகு விற்கலாம் என்று நினைத்தான் அவன்.

ஐந்தாம் நாள் பட்டப்பகலில் கண்ணகைக்கு வலி கண்டது. பாலத்துப் பக்கம் சண்டை. வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக, கயிறு பிடித்து இழுக்கும் மிதவையான பாதை ஒன்றுதான் வழி.

அவள் பின் இருக்கையின் இடது மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள்.

"நடுவில வந்து காலை நீட்டு புள்ள."

"இடமில்ல," என்றாள் கண்ணை மூடியபடி.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் ஏறியதும் பாதையின் பலகைகளுக்கு மேல் தண்ணீர் வந்தது. பாதைக்காரக் கந்தப்போடி திகைத்துப்போனார்.

"ஒரு காருக்கு இப்பிடித் தாழாதே. உள்ளுக்க எத்தின பேர்?"

"ரெண்டு பேர் அண்ணே."

கந்தப்போடி பின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். முருகா முருகா என்று கயிற்றை வெறிபிடித்தவர்போல இழுத்தார்.

நடு வாவியில் கண்ணகை முனகினாள்.

"இவங்களும் ஆசுபத்திரிக்குத்தானாம். கெதியாப் போகச் சொல்றாங்க."

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். வினாயகமூர்த்தி காருக்குப் பக்கத்தில் நின்றான்.

கார் கொஞ்சம் எழும்பியது.

இன்னும் கொஞ்சம்.

மூன்றாம் தரமும்.

கதவு ஒன்றும் திறக்கவில்லை. வாங்கிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கார் மட்டமாக நின்றது. வாடையும் இல்லை. பாவங்கள், ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அவன் கைகூப்பினான். அதே நேரம் உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அவனுக்குச் சந்தோசத்தில் அழுகை முட்டியது.

துணியில் சுற்றிய பிள்ளையோடு தாதி வாசலுக்கு வந்தாள். அவள் வாய் திறக்குமுன், அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்பிரிங் தட்டு மெல்லக் கிரீச்சிட்டது.

திரும்பினான்.

கார் பின் இருக்கையின் இடது மூலையில் மட்டும் தாழ்ந்திருந்தது.