கவிழாத ஃபியட்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பக்தவச்சலம் தன் வீட்டு மாடி அறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார்.

ட்ரிங்... ட்ரிங்...

இறந்தவரின் செல்போன்!

ஏட்டு சாலமன், பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து அழுத்தி அதை கட் செய்தார்.

"யாருய்யா அது?" சப் இன்ஸ்பெக்டர் கிறிஸ்டினா கேட்டாள்.

"பேர் வரலை மேடம். வெறும் நம்பர். காலையிலேர்ந்து அடிச்சிக்கிட்டே இருக்கு. லோன் வேணுமான்னு கேக்கற பார்ட்டியா இருக்கும்."

"செத்தவருக்கு எதுக்குய்யா லோன்?"

அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேஜை. அதன் மேல் ஒரு குட்டி ரயில் உலகம். தண்டவாளம், ஸ்டேஷன், லெவல் கிராசிங், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த மலை. பக்தவச்சலம் அதன் மேல்தான் விழுந்திருந்தார்; உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலை நொறுங்கி, வெள்ளைப் பொடி மேஜை முழுக்கப் படிந்திருந்தது. ரயில் தடம் புரண்டு கிடந்தது. ஸ்டேஷன் குப்புறக் கிடந்தது. மேஜையின் இரும்பு முனையில் ரத்தம்.

மூலையில் கம்ப்யூட்டர். வாசல் கேமரா அதில்தான் பதிவாகும். யாரோ அதன் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கிறிஸ்டினா மறுபடி மாட்டினாள்.

நீலத் திரை... அணைந்தது.

மறுபடி நீலத் திரை... மறுபடி அணைந்தது!

"நாசமாப் போக!" மேஜைக் காலை எட்டி உதைக்கத் தோன்றியது. சாட்சிப் பொருளாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

வீட்டு வேலை செய்யும் பேபி கதவருகே நின்றாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் தம்பிதான் மேடம்! நேத்து சாயங்காலம் ரிப்பேருக்கு வந்துச்சு. 'தூக்கிப் போட்டு ஒடச்சிடுவேன்'னு ஒரே கத்தலு. மூஞ்ச தூக்கிகினு எறங்கிப் போச்சு."

"அப்புறம் யாரும் வரலையா?"

"வாசல்லதானே குந்திகினு பூ கட்டினேன்? ஒரு ஈ காக்கா வர்ல."

கம்ப்யூட்டர் தம்பியின் பெயர் ஆஸ்டின். காலையிலேயே பிடித்து லாக்கப்பில் போட்டாயிற்று. அவன் சொன்ன வாதத்தைக் கேட்டு இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் திட்டினது கம்ப்யூட்டரை சார்! அப்டேட் ஓடிட்டு இருந்துச்சு. முடியற வரைக்கும் அணைக்காதீங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். பாதி அப்டேட்ல நான் ப்ளக்கைப் புடுங்குவேனா சார்?"

"கொலை பண்றவன் அப்டேட் முடியட்டும்னு காத்திருப்பானாடா?"

சாயங்காலம் ரிமாண்டு. இன்ஸ்பெக்டர் முடிவு செய்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஆஸ்டினின் மனைவி பிளஸ்ஸி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்டினா கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அவர் மிஷினைத்தான் திட்டுவார். மனுஷங்ககிட்ட அவருக்கு வாயே வராது."

சாயங்காலத்துக்குள் வேறு ஏதாவது கிடைக்க வேண்டும்!

அறையில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்க, இறந்தவரின் நண்பர்கள் இருவரை வரவழைத்திருந்தாள். கதிரேசன், தேவானந்தம். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் பக்தவச்சலத்தோடு இங்கே கூடிக் கதை பேசுபவர்கள்.

உள்ளே நுழைந்த கதிரேசன் ரயிலைப் பார்த்தார்.

"ஐயையோ... பெட்டி!"

பாய்ந்து போய்க் கவிழ்ந்த பெட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" கிறிஸ்டினா கத்தினாள்.

"தடம் புரண்டு கிடக்கே மேடம்! சக்கரம் வளைஞ்சிடும்!"

"ஒரு ஆள் செத்திருக்கார் சார்!"

"தெரியும் மேடம்." அவர் கண் கலங்கியது. கை மட்டும் இன்னும் பெட்டிப் பக்கமே நீண்டிருந்தது. "அதுக்காக இதை எப்படி இப்படியே விட்டுட்டுப் போறது?"

"உங்களுக்கும் அவருக்கும் சண்டையாமே?"

"எஞ்சின் விஷயம் மேடம். டீசல் எஞ்சினுக்கு நீள மூக்கு முன்னாடி இருக்கணும்னு நான் சொன்னேன். குட்டை மூக்குதான் முன்னாடின்னு அவன். மூணு மாசமா குரூப்ல..."

"நான் கேக்கறது நிஜமான சண்டை!"

"அதான் மேடம் நிஜமான சண்டை."

கிறிஸ்டினா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

தேவானந்தம் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றிருந்தார். "பொம்மை ரயிலுக்கு மூக்கு எந்தப் பக்கம் இருந்தா என்னடா? எனக்கு இந்த ரயில் பைத்தியமே ஆகாது மேடம். நான் கார் ஆளு. அறுபத்திமூணு மாடல் ஃபியட். முன் கதவு பின்பக்கமாத் திறக்கும். இன்னிக்கு எந்த வண்டியிலயும் பார்க்க முடியாது."

"அது ஓடின தூரத்தைவிட நாங்க தள்ளின தூரம்தான் மேடம் அதிகம்," என்றார் கதிரேசன்.

"கார்பரேட்டர்ல தூசுடா! பெட்ரோல் நல்லா இருந்தா..."

"பத்து வருஷமா அதே தூசா?"

"போதும்!" கிறிஸ்டினா குரலை உயர்த்தினாள். "ஏதாவது காணாமப் போயிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க!"

"இல்லை மேடம்," என்றார் கதிரேசன். "டேய் தேவா, உன் ஃபியட் இந்த வீட்டு ஷெட்லதானே நின்னுச்சு? வரும்போது பார்த்தேன், ஷெட் காலியா இருக்கே?"

தேவானந்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இப்ப அங்க இல்லை."

ஃபியட் பற்றி மூச்சு விடாமல் பேசியவர் மூன்றே வார்த்தையில் நிறுத்திக்கொண்டார்!

கிறிஸ்டினா மேஜைப் பக்கம் திரும்பினாள். ரயில் கவிழ்ந்திருந்தது. மரங்கள் சாய்ந்திருந்தன. லெவல் கிராசிங் கேட் ஒடிந்திருந்தது.

கேட்டுக்கு முன்னால் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு ஃபியட்.

அது மட்டும் நிமிர்ந்து நின்றது!

குனிந்தாள். சக்கரங்களுக்கு அடியில் வெள்ளைப் பொடி. காரின் கூரையில் பொடியே இல்லை. பளபளவென்று இருந்தது.

"ஷெட்லேர்ந்து மாடிக்கு வழி இருக்கா?"

"பின்னால இரும்புப் படி இருக்கு மேடம். வாசலுக்கு வராம பின் தெரு வழியாவே ஷெட்டுக்கு வரலாம்," என்றார் கதிரேசன்.

கிறிஸ்டினா சாலமனைப் பார்த்தாள். "போட்டோ எடுத்தாச்சா?"

"ஆச்சு மேடம். ரேகையும் எடுத்தாச்சு. கார்ல ஒரு பெருவிரல் நல்லா விழுந்திருக்கு."

பேனாவை எடுத்தாள். மூடியால் அந்தக் குட்டிக் காரை ஒரு தட்டு தட்டினாள். கார் கவிழ்ந்தது. நான்கு சக்கரமும் மேலே!

ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை நீண்டது. காரை எடுத்தது. கூரையை ஊதித் துடைத்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தது. கேட்டுக்கு முன்னால், பழைய இடத்திலேயே நேராக நிறுத்தியது.

அதன் பிறகுதான் தேவானந்தம் தன் கையைப் பார்த்தார்.



"நேத்து இங்க வந்திருந்தா, கதிரேசன் சார் ரயிலை இப்படி விட்டுட்டுப் போயிருக்க மாட்டார்," என்றாள் கிறிஸ்டினா. "ஆஸ்டின் ப்ளக்கைப் புடுங்கியிருக்க மாட்டான். பொடி படிஞ்சப்புறம் யாரோ தொடைச்சு நிறுத்தினதாலதான் கார் மட்டும் எழுந்து நிக்குது. சொல்லுங்க சார், உங்க பெருவிரலை எடுத்துப் பார்க்கட்டுமா?"

தேவானந்தம் கையை மடக்கிக்கொண்டார்.

"பேட்டரியைப் பார்க்க வந்தேன் மேடம். ஷெட்டைத் திறந்தா காலி. பின்படியில ஏறி வந்து கேட்டேன். 'பெருங்களத்தூர் காயலாங்கடையில போட்டுட்டேன்டா'ன்னு சிரிச்சான். எங்கப்பா வாங்கின கார் மேடம்... தள்ளினேன். ஒரே தள்ளுதான்!"

"ப்ளக்கு?"

"கேமரா ஞாபகம் வந்துச்சு. அதுல பின்படி தெரியாதுன்னு அந்தப் பதட்டத்துல தோணலை."

"ஃப்ரெண்டு ரத்தத்துல கிடக்கறார். நீங்க பொம்மைக் காரைத் தூக்கி நிறுத்தியிருக்கீங்க!"

"கவுந்து கிடந்துச்சு மேடம்..."



ட்ரிங்... ட்ரிங்...

"கட் பண்ணாதய்யா! குடு!" கிறிஸ்டினா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார்! பீர்க்கன்கரணை பிரிட்டோ மெக்கானிக்கு. காலைலேர்ந்து இன்னா சார் கட் பண்ணிகினே கீறீங்க? தேவானந்தம் சாரு ஃபியட்டு பெயிண்டு முடிஞ்சிச்சு. கார்பரேட்டரும் மாத்தியாச்சு. சும்மா புச்சு மாறி கீது! வர்ற ஞாயித்துக்கெழம அவரு பொறந்தநாளுக்கு குட்க்கணும்னீங்களே? அதுவரிக்கும் காயலாங்கடைல போட்டேன்னு சொல்லி அவர அழ வுடுவேன்னீங்க... அழுதாரா சார்?"

தேவானந்தம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழுதுகொண்டுதான் இருந்தார்.

"ஹலோ... வண்டிய எங்க கொண்ணாரட்டும் சார்?"

"ஸ்டேஷனுக்கு," என்றாள் கிறிஸ்டினா.

மாலையில் ஃபியட் ஒரே ஸ்டார்ட்டில் வந்து, பிடிபட்ட மணல் லாரிக்குப் பக்கத்தில் நின்றது. ஆஸ்டினை வெளியே விட்டார்கள். பிளஸ்ஸி அவன் கையை விடாமல் வாசல் வரை அழைத்துப் போனாள்.

சாலமன் ஓடி வந்தார். "மேடம்! ரிமாண்டு ரிப்போர்ட் அடிக்க முடியலை. நம்ம சிஸ்டம் அப்டேட்ல நிக்குது. கோர்ட்டுக்கு நேரமாச்சு!"

"ஆஸ்டின்! ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்!"

ஆஸ்டின் இரண்டு கையையும் தூக்கினான். "நான் வாயே திறக்க மாட்டேன் மேடம். திட்டணும்னா நீங்களே திட்டிக்குங்க!"

ரிப்போர்ட்டைக் கையால் எழுதினார்கள்.